பயிரைக் காக்கும் மண் நுண்ணுயிர்

நெற்பயிரை வாட்டும் குலைநோய்க்கும் இலையுறை அழுகல் நோய்க்கும் காரணம் பூசணங்களேயாகும். அவற்றை அடக்கவல்ல பாக்டீரியாக்களும் மண்ணிலேயே உள்ளன. அவற்றுள் ஒன்று சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்பதாம்.

இது வேரைச் சுற்றிக் குடிகொண்டு இருவகையில் காவல் புரிகின்றது. ஒன்று, பூசணத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கின்றது. மற்றொன்று, மண்ணிலுள்ள இரும்புச் சத்தைக் கவர்ந்துகொள்ளும் மஞ்சட்பச்சை நிறப் பொருளை வெளியிடுகின்றது. இரும்பு கிட்டாத பூசணம் நலிவடைகின்றது. இரும்பைக் கவரும் இப்பொருளின் பயனைக் கலிபோர்னியாவில் கிளோப்பர் முதலிய ஆய்வாளர்கள் 1980-இல் எடுத்துக்காட்டினர்.

இந்நுண்ணுயிர் பொடியாகக் கிடைக்கின்றது. விதை கிலோ ஒன்றுக்கு 10 கிராம் பொடி கலந்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, நீரை வடித்து, முளைகட்டி விதைக்க வேண்டும். நட்ட 30 நாட்களுக்குப் பின் ஹெக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ தொழுவுரத்துடன் கலந்து வயலில் இடலாம்.

பொடியில் இருப்பது உயிர் என்பதை அங்கத்தினர்கள் மறத்தலாகாது. வெயிலில் வைத்தாலும், பூசணக்கொல்லி மருந்துடன் கலந்தாலும் அவ்வுயிர் மடியக்கூடும். கொடுத்த பணமும் வீணாகும். நோய் முற்றிய பயிரையும் இது மீட்டுத் தராது. ஆகவே, பொட்டலத்தின் மீதுள்ள தேதியைப் பார்த்து வாங்கி, விதைக்கும்போதே காவலைத் தொடங்குதல் நலம்.