குழிவெட்டிப் பறவையும் தப்திபாவும்

பொழுது சாய்ந்ததும், யாரோ பலகையைத் தட்டுவது போல் "டொக்... டொக்... டொக்..." என்று ஓர் ஓசை எழும். தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய ஓசை. ஓசைக்குரிய பறவையை மலாய்க்காரர்கள் 'பூருங் துக்காங் குபூர்' என்பார்கள். குழி வெட்டுபவன் என்று பொருள். பெயரைக் கேட்டதுமே பலருக்கு அச்சம். இதன் உறவுப் பறவை ஒன்றும் இந்நாட்டுக் காடுகளில் உண்டு. அதன் மலாய்ப் பெயர் 'தப்திபாவ்'. இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

பொதுவான குணம்

இவை இரண்டும் தமிழில் 'பக்கி' எனப்படும் இனத்தைச் சேர்ந்தவை. ஆந்தையைப் போல் எலி பிடிப்பவை அல்ல; பறக்கும் பூச்சிகளே இவற்றின் உணவு. அலகு சிறியது, வாயோ மிக அகலம். பகலில் தரையில் அசையாமல் கிடக்கும். உடல் நிறம் சருகை ஒத்திருப்பதால், பக்கத்தில் நடப்பவர் கண்ணுக்கும் தெரியாது. கூடு கட்டுவதில்லை. சருகின் மேலேயே முட்டை இடும். குழிவெட்டி பொதுவாக இரண்டு முட்டைகள் இடும்.

காதும் கண்ணும் சொல்லும் வேறுபாடு

எளிய வழி, காது கொடுத்துக் கேட்பதுதான். குழிவெட்டி ஒரே ஓசையைத் திரும்பத் திரும்ப எழுப்பும். ஒரு மூச்சில் எத்தனை முறை 'டொக்' வரும் என்று முன்பெல்லாம் பந்தயம் கட்டியவர்களும் உண்டு. தப்திபாவின் குரலில் மூன்று அசைகள்: "தப்... தி-பாவ்". முதல் அசைக்குப் பின் சிறு இடைவெளி. இந்தக் குரலே அதன் பெயராகிவிட்டது.

குழிவெட்டி தரையிலோ தாழ்ந்த கிளையிலோ இருந்து குரல் கொடுக்கும், தாழப் பறக்கும். ஆணின் சிறகிலும் வால் நுனியிலும் வெள்ளைத் திட்டுகள் பளிச்சிடும். தப்திபாவ் அந்தி நேரத்தில் மர உச்சிகளுக்கு மேலே பறந்தபடியே கூவும். அதன் சிறகிலும் வாலிலும் வெள்ளை இல்லை. தலையின் பின்பக்கம் காது போன்ற இறகுக் குஞ்சம் உண்டு. குழிவெட்டியின் வாயோரம் நீண்ட மயிர் போன்ற இறகுகள் உண்டு. தப்திபாவுக்கு அவை கிடையாது.

அச்சம் ஏன்?

இடுகாட்டில் இந்த ஓசை கேட்பது உண்மைதான். ஆனால் காரணம் சாவு அல்ல. மரங்கள் சூழ்ந்த திறந்தவெளி, ஆள் நடமாட்டம் இல்லாத இரவு, பூச்சிகள். குழிவெட்டிக்கு வேண்டியவை அனைத்தும் அங்கே இருக்கின்றன. இதே வசதி பூங்காவிலும் தோட்ட ஓரத்திலும் கிடைத்தால் அங்கும் வாழும். ஐரோப்பாவிலும் இவ்வினத்தின் மீது பழி உண்டு. இரவில் ஆட்டின் மடியில் பால் குடிக்கும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலேயே நம்பினார்கள். ஆட்டைச் சுற்றிப் பறந்த பூச்சிகளைத் தேடி வந்த பறவைக்கு, இலத்தீனில் 'ஆட்டுப்பால் கறப்பவன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

எது கவலைக்குரியது?

குழிவெட்டி இந்தியாவின் வடகிழக்கிலிருந்து வட ஆஸ்திரேலியா வரை பரவி, மனிதரோடு வாழப் பழகிய பறவை. தப்திபாவ் அப்படியல்ல. தென் தாய்லாந்து, மலாயாத் தீபகற்பம், சுமத்திரா, போர்னியோ ஆகிய இடங்களின் காடுகளும் காட்டோரங்களுமே அதன் வீடு. காடு வீடமைப்புப் பகுதியானால் 'டொக் டொக்' தொடரலாம், 'தப்-தி-பாவ்' ஓய்ந்துவிடும். ஆகவே, அஞ்ச வேண்டியது குழிவெட்டியின் ஓசைக்கு அல்ல, தப்திபாவின் மௌனத்திற்கே.

இரவில் காட்டோரச் சாலையில் காரோட்டும்போது தரையில் செந்தணல் போல் இரு கண்கள் மின்னினால், வேகத்தைக் குறையுங்கள். சாலையில் அமர்ந்து இரை தேடும் பக்கியாக இருக்கலாம். சருகின் மேல் முட்டையைக் கண்டால் தொடாமல் விலகிச் செல்லுங்கள். சிறகொடிந்தது போல் ஒரு பறவை முன்னே தத்தித் தத்திப் போனால், அது தாயின் நடிப்பு. பிள்ளையை விட்டு உங்களைத் தொலைவுக்கு அழைத்துப் போகிறது, அவ்வளவுதான்.