புத்தக ஜெபமா, மனசு ஜெபமா?

இராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சட்டம் அது. மணி ஏழரை அடித்தால் அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டை கிழிந்து துணி ஒட்டிய ஜெபப் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள். பாவ அறிக்கை, ஒரு சங்கீதம், மரியாளின் பாட்டு, பரமண்டல ஜெபம், ஆமென்! அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து இதில் ஒரு வார்த்தை கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

என் வீட்டுக்காரரின் அக்கா சென்னையில் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் போகிற சபையில் புத்தகம் கிடையாது. கண்ணை மூடினால் அரை மணி நேரம் சரளமாக ஜெபிப்பார்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தாய்க்கும் மகளுக்கும் இதே வழக்குத்தான்.

"ஏம்மா, தினமும் அதையே வாசிக்கீங்களே! ஆண்டவருக்கே மனப்பாடம் ஆகியிருக்குமே! மனசைத் திறந்து நாலு வார்த்தை பேசினாத்தானே அது ஜெபம்?"

அத்தை கண்ணாடியைக் கழற்றாமலே சொல்வார்கள்: "நீ ஜெபம் பண்ணும்போது 'ஸ்தோத்திரம் ஆண்டவரே'ன்னு முப்பது தடவை சொல்லுதியே, அது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

எனக்குச் சிரிப்பு தாங்காது. ஆனால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உள்ளுக்குள் நான் மைனி கட்சிதான். பார்த்து வாசிக்கிறதில் பக்தி எங்கிருந்து வரும் என்று நினைத்திருக்கிறேன்.

இது எங்கள் வீட்டுச் சண்டை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1549-ல் முதல் பொது ஜெபப் புத்தகம் வந்தது. 1662-ல் அதைத் திருத்தி, ஆலயங்களில் இதைத்தான் வாசிக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ஏற்க மறுத்த போதகர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக ஏற்கெனவே சிறைக்குப் போயிருந்த ஜான் பனியன், எழுதிவைத்த ஜெபத்தை மறுத்து ஒரு நூலே எழுதினார். மொத்தம் பன்னிரண்டு வருஷம் சிறை. நம் பாட்டிமார் 'மோட்ச பிரயாணம்' என்று படித்த புத்தகத்தை எழுதியவர் இவர்தான். அதைத் தழுவித்தான் எங்கள் நெல்லைச் சீமைக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார்.

நம் நாட்டிலோ இந்த வழக்கு ஓரளவு சமாதானமாகவே முடிந்தது. 1947 செப்டம்பர் 27-ந் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, புத்தக ஜெபத்தில் வளர்ந்த ஆங்கிலிக்கன் சபையாரும், சொந்த வார்த்தையில் ஜெபித்துப் பழகிய மற்றச் சபையாரும் ஒரே கூரைக்குக் கீழே வந்தார்கள்.

சரி, வேதம் என்ன சொல்கிறது? சொன்னதையே வீணாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்று இயேசு கண்டித்தது உண்மை. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. மைனிக்குப் பிடித்த இடம். ஆனால் அதே மூச்சில்தான் பரமண்டல ஜெபத்தையும் கற்றுக்கொடுக்கிறார்! கெத்செமனே தோட்டத்தில் தம் சொந்த வார்த்தையில் கதறுகிறார். அங்கேயும் மூன்றாம் தடவை முன் சொன்ன வார்த்தைகளையே சொன்னார் என்று எழுதியிருக்கிறது. சிலுவையில் உயிர் போகிற நேரத்தில் அவர் வாயில் வந்தவை, தலைமுறை தலைமுறையாக யூதர்கள் சொல்லிவந்த 22-ம், 31-ம் சங்கீதங்களின் வார்த்தைகள்.

அன்னாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையில்லாத ஏக்கம், சக்களத்தியின் குத்தல். சீலோவில் ஆண்டவர் சந்நிதியில் உதடு மட்டும் அசைய, சத்தம் வெளியே வராமல் அழுது ஜெபித்தாள். ஆசாரியன் ஏலி, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அதட்டினான். புத்தகத்தில் இல்லாத ஜெபம் அது! பிள்ளை பிறந்த பின் அவள் பாடிய பாட்டின் எதிரொலி, எத்தனையோ நூற்றாண்டு கழித்து மரியாளின் பாட்டில் கேட்கிறது. அந்த மரியாளின் பாட்டைத்தான் கத்தோலிக்க மாலை ஜெபத்திலும், ஆங்கிலிக்கன் மாலை ஜெபத்திலும் நாள்தோறும் சொல்கிறார்கள். ஏழரை மணிக்கு அத்தை வாசித்ததும் அதுதான். ஒரு பெண்ணின் மனசு ஜெபம், பிறகு எல்லாருக்கும் புத்தக ஜெபம் ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் எனக்குப் புரியவைத்தது படிப்பு அல்ல.

கல்யாணமான மூன்றாம் வருஷம். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் வயிற்றில் அசைவு நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆண் பிள்ளை. உயிரில்லாமல் பிறந்தான்.

மைனி இராத்திரி ரயிலேறி வந்துவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுது அழுது ஜெபித்தார்கள். அந்த அன்பை நான் மறக்கமாட்டேன். ஆனால், "இதிலும் உமக்கு ஒரு நோக்கம் இருக்கும் ஆண்டவரே" என்று அவர்கள் சொன்னபோது எனக்கு நெஞ்சில் முள் குத்தின மாதிரி இருந்தது. நீங்களும் ஜெபிக்கச் சொன்னார்கள். எனக்கு வாயே திறக்கவில்லை.

மைனி காப்பி வாங்கப் போன நேரத்தில் அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. புத்தகம் கொண்டுவரவுமில்லை. வீட்டில் தினமும் சொல்கிற அதே பரமண்டல ஜெபத்தை மெள்ளச் சொன்னார்கள். எத்தனையோ பேர் எத்தனையோ துக்கத்தில் சொன்ன வார்த்தைகள். யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல இருந்தது. கடைசியில் 'ஆமென்' என்று நான் உதட்டை அசைத்தேன். அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு மாதம் இருக்கும். விடியற்காலை தூக்கம் வராமல் பின்கட்டுக்கு வந்தேன். துவைக்கிற கல்மேல் அத்தை உட்கார்ந்திருந்தார்கள். இருட்டில் யாரிடமோ பேசுகிற மாதிரி சத்தம்.

"ஒரே ஒரு தடவை அந்தப் பிள்ளைய என் மடியில போட்டிருக்கப்படாதா? இந்தப் பொண்ணு முகத்தைப் பாக்க முடியலியே. எனக்கு உம்மேல கோவந்தான். ஆனா உம்மை விட்டா நான் வேற யார்ட்ட போய்ச் சொல்லுவேன்?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். புத்தகத்தை விட்டு ஒரு வார்த்தை தாண்டாத அத்தையா இது!

பிறகு ஒரு நாள் கேட்டேன். "ஆண்டவரிடம் கோபப்படலாமா அத்தை?" ஜெபப் புத்தகத்தில் சங்கீதங்களைத் திருப்பி என் மடியில் வைத்தார்கள். "இதுல பாதி சண்டைதானே? வாசிச்சு வாசிச்சுத்தான் எனக்குப் பேசவே வந்தது" என்றார்கள். பார்த்தேன். 88-ம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லை. ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு சுற்று, நாற்பது வருஷம் வாசித்தவர்களுக்குத் தெரியாதா, ஆண்டவரிடம் எப்படி முறையிடுவது என்று!

அன்று இரவு நானும் என் பாஷையில் பேசினேன். பேசினேன் என்ன, சண்டை போட்டேன். அழுது முடித்தபோது, பழக்கத்தில் பரமண்டல ஜெபம்தான் வாயில் வந்தது.

சகோதரிகளே, என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குப் பரமண்டல ஜெபம், 23-ம் சங்கீதம் போலச் சிலவற்றை மனப்பாடம் செய்துவையுங்கள். அர்த்தம் பிறகு வரும். வார்த்தை இல்லாத நாளில் அதுதான் கை கொடுக்கும்.

அது முடிந்ததும் ஒவ்வொருவரும் சொந்தமாய் ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும். கணக்குப் பரீட்சை, காணாமற்போன பூனைக்குட்டி, எதுவானாலும் சரி. சிரிக்காதீர்கள், திருத்தாதீர்கள்.

வாசிக்கும்போது மனசு ஓடினால் பயப்பட வேண்டாம். எதிர்வீட்டுக் கத்தோலிக்க அக்கா 53 மணி ஜெபம் சொல்லும்போது நினைப்பெல்லாம் துபாயில் இருக்கும் மகனிடம் போய்விடுமாம். "போன இடத்துல அவனுக்காக ஒரு மணி உருட்டிட்டு வாரேன்" என்பார்கள்.

பிள்ளையை இழந்த தாயிடம் காரணம் சொல்லி ஜெபிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அது போதும். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை, உயிரே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஜெபம் அதற்குத் தடையில்லை.

அத்தைக்கு இப்போது எண்பத்தொன்று. மறதி நோய் வந்துவிட்டது. மகனைப் பார்த்து மாமா பெயரைச் சொல்கிறார்கள். என்னை "யாரும்மா நீ?" என்கிறார்கள். ஆனால் ஏழரை மணிக்கு நான் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினால் போதும், கடைசி வரை ஒரு வார்த்தை பிசகாமல் கூடவே வருகிறார்கள்.

போன மாதம் மைனி வந்திருந்தார்கள். துணி ஒட்டிய அந்தப் புத்தகத்தை அவர்களே எடுத்து, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசித்தார்கள். முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "ஆண்டவரே, எங்க அம்மாவைப் பாத்துக்கோங்க" என்றார்கள். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

"ஆமென்" என்று சத்தமாய்ச் சொன்னது அத்தைதான்.