"பட்டணத்துக்கே விடு தம்பி!" முட்டுக்காட்டில் படகேறிய பெரியவர் கேட்ட கேள்வி
சென்னை:
காலை 10 மணி. முட்டுக்காடு படகுத்துறை. இளம் ஜோடிகள் கூட்டத்தில் ஒரு வயதான தம்பதி! அவருக்கு வயது 70-க்கு மேல். அந்தம்மா தலையில் மல்லிகைப்பூ, கையில் புளிசாதத் தூக்கு. அன்று அவர்களுக்குக் கல்யாண நாள்.

மோட்டார் படகு சீறிக் கிளம்பியது. அந்தம்மா கணவரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதே. எங்கப்பா இந்தத் தண்ணியிலதான் உப்புப் படகு இழுத்தாரு" என்றார் பெரியவர்.

கயிறு கட்டி இழுத்தார்கள்

நிஜம்தான். காக்கிநாடாவில் இருந்து மரக்காணம் பக்கம் வரை ஓடும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் காயலில் கலக்கிறது. நீளம் சுமார் 796 கிலோ மீட்டர். 1806-ல் தொடங்கிய வேலை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், கூலிக்கு மண் சுமந்த ஏழைகள் அடையாறையும் கூவத்தையும் இணைத்தார்கள்.

உப்பும் விறகும் படகில்தான் பட்டணம் வந்தன. காற்றடித்தால் பாய். இல்லாவிட்டால் கரையில் நடந்து கயிற்றால் இழுக்கணும்!

1965, 1966 புயல்களில் கால்வாய் சிதைந்தது. சரக்கு லாரிக்குப் போனது. நகருக்குள் இப்போது சாக்கடை. பல இடங்களில் நடுவே பறக்கும் ரயிலின் தூண்கள்.

"தம்பி, அப்படியே பட்டணத்துக்கு விடேன்" என்றார் பெரியவர்.

படகோட்டி சிரித்தார். "வழி ஏதுங்க ஐயா? ஆகாயத்தாமரையும் குப்பையும்தான்."

அரை மணியில் கரை வந்துவிட்டது. மரத்தடியில் புளிசாதம். சாயங்காலம் இருவரும் பஸ்சுக்கு நின்றார்கள்.

"எங்கப்பா தண்ணியில போன ஊருக்கு, நான் பஸ்சுல போறேன்" என்றார் பெரியவர்.