மீண்டும் சீட் கேட்கும் எம்.எல்.ஏ.

2021 மே 2 அன்று கேரளத்தில் வாக்குகள் எண்ணப்பட்டபோது நாற்பதாண்டு வழக்கம் ஒன்று முறிந்தது. ஒரு முறை இடதுசாரிகள், மறுமுறை காங்கிரஸ் அணி என்று ஆட்சியை மாற்றிக்கொண்டே வந்த மாநிலம், 140இல் 99 இடங்களைக் கொடுத்து இடது முன்னணியை மறுபடி உட்காரவைத்தது. ஆனால் அந்த ஆட்சியை நடத்தியவர்களில் பலர் அந்தத் தேர்தலில் மக்கள் முன் நிற்கவே இல்லை. தொடர்ந்து இரண்டு முறை வென்றவர்களுக்கு சீட் கிடையாது என்று முன்னணியின் தலைமைக் கட்சியான மார்க்சிஸ்ட் கட்சி முடிவு செய்திருந்தது. நிதியமைச்சர் தாமஸ் ஐசக்கும் பொதுப்பணித் துறை அமைச்சர் ஜி. சுதாகரனும் விலக, அவர்களுடைய தொகுதிகளில் கட்சியின் வேறு வேட்பாளர்கள் வென்றார்கள். இதற்கு நேரெதிர்க் கொள்கை கொண்ட பாஜகவும் குஜராத்தில் அதே வழியில்தான் போனது. 2021 செப்டம்பரில் முதல்வரோடு சேர்த்து அமைச்சரவை முழுவதையும் மாற்றியது; அடுத்த ஆண்டு சிட்டிங் எம்.எல்.ஏ.க்கள் பலருக்கு சீட் தராமல் 182இல் 156 இடங்களைப் பிடித்தது. முகத்தை மாற்றினால் ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு கட்சிகளுக்கு லாபமாகத்தான் முடிந்திருக்கிறது. வாக்காளருக்கு அது நட்டம் என்பதே என் வாதம்.

இந்தியாவில் பதவியில் இருப்பவர் பின்தங்கியே தேர்தலில் இறங்குகிறார் என்பது வெறும் டீக்கடைப் பேச்சு அல்ல. மாநிலச் சட்டமன்றத் தேர்தல்களை ஆராய்ந்து பொருளியலாளர் யோகேஷ் உப்பல் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மயிரிழையில் வென்றவரையும் மயிரிழையில் தோற்றவரையும் எடுத்துக்கொண்டு, அடுத்த தேர்தலில் இருவரும் என்ன ஆனார்கள் என்று பார்க்கும் முறை அது. சில நூறு வாக்குகளில் பிரிந்த இருவருக்கும் செல்வாக்கில் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. ஆகவே அடுத்த முறை தெரியும் வித்தியாசம் பதவி தந்ததாகத்தான் இருக்கும். பதவி தந்தது நன்மையல்ல, சுமை என்று அவர் கண்டார். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடாவின் உத்தரவை மீறி அவையில் வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரிடும். சட்டம் இயற்றுவதில் சொந்தக் குரல் இல்லாத எம்.எல்.ஏ.விடம் மக்கள் கேட்பதெல்லாம் குடிநீர், சாலை, பட்டா, முதியோர் உதவித்தொகை. அவற்றுக்கான கையெழுத்து பெரும்பாலும் அதிகாரிகளிடம் இருக்கிறது. அதிகாரம் ஓரிடத்தில், வசவு வேறிடத்தில்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். பிரதிநிதிகள் சபைக்கு மறுபடி நிற்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வெல்வது அங்கே வழக்கம். ஓர் உறுப்பினர் அரசுச் சம்பளத்தில் 18 நிரந்தர ஊழியர்களை வைத்துக்கொள்ளலாம். தேர்தல் நன்கொடையும் இருப்பவரைத் தேடியே வருகிறது. ஆனால் அங்கே கட்சித் தலைமையால் ஒருவரை ஒதுக்கிவைப்பது எளிதல்ல, காப்பாற்றுவதும் எளிதல்ல. கட்சியின் வேட்பாளரைத் தொகுதி வாக்காளர்களே முதற்கட்டத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். 2014இல் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த எரிக் கேன்டர், பணபலம் அதிகம் இல்லாத டேவ் பிராட் என்ற பொருளியல் பேராசிரியரிடம் தன் சொந்தக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றார். அவரை வீட்டுக்கு அனுப்பியவர்கள் அவருடைய விர்ஜினியா தொகுதியின் வாக்காளர்கள்.

இங்கே மக்கள் சின்னத்துக்குத்தானே ஓட்டுப் போடுகிறார்கள், ஆள் யாராக இருந்தால் என்ன என்று கேட்கலாம். பாதிதான் சரி. அதே 2021 கேரளத் தேர்தலில், நிபா, கொரோனா காலங்களில் சுகாதாரத் துறையை நடத்திய கே.கே. ஷைலஜா மட்டனூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மட்டனூர் கட்சியின் கோட்டை என்பதைக் கழித்துக்கொண்டாலும் அது பெரிய எண். அதே அலையில், ஆழ்கடல் மீன்பிடி ஒப்பந்தச் சர்ச்சையில் சிக்கிய மீன்வளத் துறை அமைச்சர் மெர்சிக்குட்டி அம்மா குண்டறையில் தோற்றார். ஆட்சி வேண்டும், ஆனால் இந்த அமைச்சர் வேண்டாம் என்று ஒரே நாளில் சொல்லும் கூர்மை வாக்காளரிடம் இருக்கிறது. சீட் மறுக்கப்பட்டவர்கள் விஷயத்தில் அந்தத் தீர்ப்பு வாக்காளர்களிடம் கேட்கப்படவே இல்லை. (வென்ற ஷைலஜாவும் புதிய அமைச்சரவையில் இல்லை என்பது வேறு கதை.)

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இருப்பவர்களே நின்றுகொண்டிருந்தால் இளைஞர்களும் பெண்களும் எப்போது வருவது? நியாயமான கேள்வி. விதியை எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் கட்சியை, கடைசி இரவில் தலைவர் வீட்டிலிருந்து பட்டியல் வரும் கட்சியோடு ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. ஆனால் மறுபடி நிற்கக் கூடாது என்பதைச் சட்டமாகவே வைத்துப் பார்த்த நாடு மெக்சிகோ. 1933 முதல் எண்பதாண்டுகள் அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்தடுத்து நிற்க முடியாமல் இருந்தது. புதுமுகங்களுக்குக் குறைவில்லை, ஆனால் பதவி முடிந்ததும் அடுத்த பிழைப்பைத் தருவது கட்சி மேலிடம் என்பதால், உறுப்பினர்களின் கண் தொகுதியை விட்டு மேலிடத்தின் மீதே இருந்தது. 2000 வரை ஒரே கட்சியிடம் நாடு இருந்ததற்கு இதுவும் துணைநின்றது. 2014இல் தடையை நீக்கினார்கள். 2025இல், 2030 தேர்தலிலிருந்து மீண்டும் அமலாகும்படி அதைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அமெரிக்க முறையை அப்படியே இறக்குமதி செய்ய இங்கே எந்தக் கட்சியும் தயாராக இல்லை. 2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் சில தொகுதிகளில் உட்கட்சித் தேர்தல் வைத்து வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது, அது நிலைக்கவில்லை. அதைவிடச் சிறிய ஒன்றைக் கேட்கலாம். குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால், ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்ற காரணத்தை 48 மணி நேரத்துக்குள் கட்சிகள் வெளியிட வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரும்பாலான கட்சிகள் ஒரே வாக்கியத்தைத் தொகுதிதோறும் ஒட்டித் தப்பிக்கப் பார்க்கும், தெரிந்ததுதான். ஆனாலும் எழுத்தில் வந்த காரணத்தை எதிர்க்கட்சியும் பத்திரிகையும் கிழித்துப் பார்க்க முடியும். பதவியில் இருப்பவருக்கு சீட் மறுக்கும்போதும் அதே கெடுவுக்குள் காரணம் சொல்லச் சொன்னால், அந்த எம்.எல்.ஏ. செய்த தவறு என்ன, அல்லது அவர் யாரைப் பகைத்துக்கொண்டார் என்பதைத் தொகுதி மக்கள் வாக்களிக்கும் முன்பே கேட்டுக்கொள்வார்கள்.