கணினி மறக்காத விருப்பங்கள்

மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைப்பலகையும், 1999-இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையும் இன்று ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளில் உள்ளன. நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கணினியை அணைத்துவிட்டு மறுநாள் திறந்தாலும் அந்தத் தேர்வு மாறுவதில்லை. இது எவ்வாறு நிகழ்கிறது?

நம் தேர்வுகள் விருப்பக் கோப்பு ஒன்றில் சேமிக்கப்படுகின்றன. அதில் ஒவ்வொரு விருப்பத்திற்கும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் இருக்கும். பயனர் எதையும் தேர்ந்தெடுக்காவிடில், மென்பொருள் தன் இயல்பு மதிப்பைப் பயன்படுத்தும்.

சில விருப்பங்கள் பட்டியலாக அமையும். எடுத்துக்காட்டாக, 'ஸ்ரீகெ' எனத் தட்டினால் 'ஸ்ரீ கெம்பாங்கான், சிலாங்கூர்' எனத் தோன்றச் செய்யும் சொற்சுருக்கங்களைக் கூறலாம். இவற்றை மென்பொருள் திரையில் அட்டவணையாகக் காட்டும். ஆனால், அட்டவணை வெறும் காட்சி மட்டுமே. உண்மையான தரவு கோப்பில்தான் உள்ளது. இரண்டிற்கும் தொடர்பு இல்லையெனில், நாம் தட்டச்சு செய்த சுருக்கங்கள் மென்பொருளை மூடியதும் மறைந்துவிடும்.

இத்தொடர்பை எளிதாக்க, ஆப்பிள் நிறுவனம் 2003-இல் 'கோக்கோ பைண்டிங்ஸ்' எனும் முறையை அறிமுகப்படுத்தியது. இம்முறையில் அட்டவணைக்கும் கோப்பிற்கும் இடையே ஒரு கட்டுப்படுத்தி நின்று, இருபுறமும் செய்தியைக் கொண்டு செல்கிறது. கோப்பில் உள்ளது திரையில் தோன்றும். திரையில் மாற்றியது கோப்பைச் சென்றடையும்.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. விருப்பக் கோப்பு முழுப் பட்டியலையும் ஒரே மதிப்பாகக் கருதுகிறது. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினால், அம்மாற்றம் கோப்பிற்குத் தெரியாது. ஆகவே, சிறிய திருத்தத்திற்கும் முழுப் பட்டியலையே மீண்டும் சேமிக்கும்படி கட்டுப்படுத்தியை அமைக்க வேண்டும். இதை மறந்தால், திரையில் திருத்தம் தெரிந்தாலும் மறுநாள் பழைய சொல்லே தோன்றும்.

பள்ளிக் கணினிக் கூடத்தில் ஒரே கணினியைப் பல மாணவர்கள் பயன்படுத்துவர். அவரவர் பயனர் கணக்கில் நுழைந்தால், அவரவர் விருப்பக் கோப்பு திறக்கும். அனைவரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினாலோ, ஒருவரின் பட்டியலை மற்றவர் மாற்றிவிட நேரிடும். எனவே, மென்பொருள் எழுதுவோர் இணைப்பைச் சரியாக அமைப்பதும், பயன்படுத்துவோர் தம் கணக்கிலேயே பணியாற்றுவதும் இன்றியமையாதவை ஆகும்.