இறங்கி வந்த எட்டு

செம்பரம்பாக்கம் ஏரியைப் பத்துத் தண்ணீர் லாரிகளில் அடக்கிவிட முடியுமா? சிரிக்காதீர்கள். ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மெட்ரிக் முறையில் சுமார் 1.03 × 10⁸ கன மீட்டர். மேலே நிற்கும் அந்த 8 கீழே இறங்கி 10-க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால்? 1.03 × 108, அதாவது ஏறத்தாழ 111 கன மீட்டர். ஆளுக்கு 12,000 லிட்டர் பிடிக்கும் லாரிகள் பத்து வந்தால் ஏரி காலி!

அச்சுக்கோத்த கட்டுரையை வேர்டு கோப்பாக மாற்றும்போது இப்படி நேர்வதுண்டு. கணிதக் கட்டுரைகளை அழகாக அச்சுக்கோப்பதற்கென்றே டொனால்டு நூத் என்ற அமெரிக்க அறிஞர் 1978-இல் டெக் என்னும் நிரலை வெளியிட்டார். அதன் வழிவந்த லேடெக்கில்தான் இயற்பியலார் பலர் இன்றும் எழுதுகின்றனர். ஆனால் சில இதழ்கள் வேர்டு கோப்புதான் வேண்டும் என்கின்றன. திருத்துவதற்கு அது அவர்களுக்கு எளிது.

அவசரக்காரர் கையிலிருக்கும் பி.டி.எஃப். கோப்பை அப்படியே மாற்ற முனைகிறார். அங்கேதான் வினை. பி.டி.எஃப். என்பது பெரும்பாலும் பக்கத்தின் வரைபடம் போன்றது. ‘இன்ன இடத்தில், இன்ன அளவில், 8 என்ற உருவத்தை வை’ என்பதுதான் அதிலுள்ள கட்டளை. அந்த 8 ஓர் அடுக்கு என்ற செய்தி பொதுவாக அதில் இராது. மேலே சிறியதாக நிற்கும் எண் அடிக்குறிப்பு எண்ணாகவும் இருக்கலாமல்லவா? மாற்றும் நிரல் ஊகித்தாக வேண்டும். பின்னத்தின் பாடு இன்னும் மோசம். நடுக்கோடு வெறும் கோடாகிவிட, தொகுதியும் பகுதியும் தனித்தனி வரிகளாகப் பிரிந்துவிடும்.

தமிழுக்கும் இத்தொல்லை உண்டு. ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. யூனிகோடு முறையிலோ முதலில் க, பிறகுதான் கொம்பு. கண்ட வரிசையிலேயே எடுத்தால் கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

லேடெக் மூலக் கோப்பில் 10^8 என்றே எழுதப்பட்டிருக்கும். ‘அடுத்து வருவது மேலே நிற்க வேண்டும்’ என்று ^ குறியே சொல்லிவிடுகிறது, ஊகத்துக்கு வேலையில்லை. ஆகவே மாற்ற வேண்டியது மூலக் கோப்பைத்தான். பாண்டாக் என்ற இலவச நிரல் அதைப் படித்து, வேர்டுக்குரிய சமன்பாடாகவே எழுதித் தரும். சிக்கலான அட்டவணைகளில் அதுவும் தடுமாறும். எனவே இரண்டையும் அச்சிட்டு, அடுக்குகளையும் கழித்தல் குறிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.63 × 10⁻³⁴ ஜூல் விநாடி. இதன் அடுக்கு, கழித்தல் குறியோடு கீழே இறங்கிவிட்டால் என்ன விடை வரும்? கணக்கிட்டுப் பாருங்கள்.