பேராக் தந்த சித்திரக்காரர்: லாட்டின் வாழ்வும் பணியும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதுவோர் அரசர்களையும் போர்களையும் சட்டங்களையும் குறித்து வைப்பர். ஆனால் ஒரு சிற்றூரில் மருத்துவச்சி எவ்வாறு வந்தாள், பிள்ளைகள் எந்த ஆற்றில் குளித்தார்கள், தந்தை எதற்காகப் பிரம்பை எடுத்தார் என்பனவற்றை யார் எழுதி வைப்பர்? இத்தகைய சிறு செய்திகளே மக்கள் வாழ்வின் பெரும்பகுதி ஆகும். அவற்றைக் கோடுகளால் எழுதி வைத்தவர் பேராக் மாநிலத்தைச் சேர்ந்த சித்திரக்காரர் லாட் ஆவார்.

இவரது இயற்பெயர் முகம்மது நூர் காலிட். 1951ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் கோப்பெங் வட்டாரத்துக் கம்பம் ஒன்றில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் உருண்டு திரண்ட முகத்துடன் இருந்ததால், வட்டம் என்று பொருள்படும் ‘புலாட்’ என்னும் மலாய்ச் சொல்லால் வீட்டார் அழைத்தனர். தோழர்கள் அதனை ‘லாட்’ என்று குறுக்கினர். அப்பெயரே பின்னர் உலகறிந்த பெயராயிற்று. தந்தை இராணுவத்தில் எழுத்தர். ஆதலால் குடும்பம் ஊர் ஊராக மாறி, 1960இல் மீண்டும் கம்பத்துக்கே திரும்பியது.

ஈயமும் பால்மரமும்

லாட் வளர்ந்த மண் கிந்தாப் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் உலக ஈய உற்பத்தியில் முதன்மை பெற்று விளங்கிய நிலம் அது. அங்குத் தோண்டிய ஈயம், தெலுக் ஆன்சன் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட நமது தெலுக் இந்தான் துறைமுகம் வழியாகவும் கடல் கடந்து சென்றது. ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல்கள் நிலத்தைக் குடைந்து குளமாக்கிக்கொண்டே நகர்ந்தன. அவற்றின் இரைச்சலுக்கும் பால்மரங்களின் நிழலுக்கும் இடையேதான் அச்சிறுவன் விளையாடினான், படித்தான், கையில் கிடைத்த தாளிலெல்லாம் வரைந்தான்.

ஒன்பதாம் வயதிலேயே தாம் வரைந்த கதைகளை விற்றுக் குடும்பத்துக்கு உதவினார் என்பர். பின்னர் ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கு மொய்ரா ஹியூ என்னும் ஆசிரியை, பாடங்களுக்குப் படம் வரையச் சொல்லி இவரை ஊக்கினார். உயர்நிலைக் கல்வி ஆண்டர்சன் பள்ளியில் நடந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்த அனுபவம், பிற்காலத்தில் இவரது கலைக்கு அடித்தளம் ஆயிற்று.

பள்ளி மாணவனும் பத்திரிகையும்

1968இல், பதினேழு வயதில், ‘பெரித்தா மிங்கு’ ஞாயிறு ஏட்டில் ‘கெலுவார்கா சி மாமாட்’ என்னும் குடும்பச் சித்திரத் தொடரைத் தொடங்கினார். அது 26 ஆண்டுகள் வெளிவந்தது. ஆயினும் தேர்வில் கிடைத்த தரம் மேல்வகுப்புக்குப் போதவில்லை. 1970இல் கோலாலம்பூர் சென்று சித்திரக்காரர் வேலை தேடினார். கிடைத்ததோ குற்றச் செய்தி நிருபர் வேலை! காவல் நிலையங்களையும் சாலை விபத்துகளையும் சுற்றி வந்தபடியே வரைவதையும் விடாது தொடர்ந்தார்.

1974இல் திருப்பம் வந்தது. மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி இவர் வரைந்த படங்கள், ஹாங்காங்கிலிருந்து வந்த ‘ஆசியா மேகசின்’ இதழில் வெளியாயின. அவற்றைக் கண்ட ‘நியூ ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ்’ நிறுவனத்தார், தம்மிடமே இருக்கும் நிருபர் இத்தகைய கலைஞர் என்பதை அப்போதுதான் உணர்ந்தனர். ‘மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்’ என்னும் பகுதி இவர் கைக்கு வந்தது. நான்கு மாதப் பயிற்சிக்கு லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளிக்கும் அனுப்பப்பட்டார். ஆங்கிலப் பத்திரிகைகளில் கருத்துப்படத்துக்கு இருந்த மதிப்பை அங்கு நேரில் கண்டார். திரும்பி வந்தபின், 1975 முதல் அரசியலும் சமுதாயமும் அவர் தூரிகையில் இடம்பெற்றன.

அக்காலச் சூழ்நிலையை இங்கு நினைவுகூர வேண்டும். 1969 மே 13 கலவரத்தின் வடு ஆறாத காலம் அது. இனத்தைப் பற்றிய ஒரு சொல்லும் கவனத்துடன் சொல்லப்பட வேண்டியிருந்தது. லாட்டின் படங்களில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சீக்கியரும் வருவர். எல்லோரும் ஏதேனும் ஒரு விதத்தில் நகைப்புக்கு உரியவரே. ஆனால் எவரும் இழிவுபடுத்தப்படுவதில்லை. தம் இனத்தாரையே முதலில் கேலி செய்தவர் என்பதால், பிறரும் அவரோடு சேர்ந்து சிரித்தனர்.

‘கம்பத்துப் பையன்’

1979இல் வெளிவந்த ‘தி கம்போங் பாய்’ இவரது தலைசிறந்த நூல். ஒரு மலாய்ச் சிறுவனின் பிறப்பு முதல், பள்ளிக்காக ஈப்போ புறப்படும் நாள் வரையிலான கதை அது. மேலைநாட்டுப் படக்கதைகளைப் போல் பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்காமல், பக்கம் முழுவதும் ஒரே படமாக விரித்து, அடியில் கையெழுத்தில் சில வரிகள் எழுதும் முறையைக் கையாண்டார். சிறுவன் தோழர்களுடன் களவாக ஈயம் அலசித் தந்தையிடம் அடிபடுகிறான். நன்றாகப் படித்தால் தம் பால்மரத் தோட்டம் அவனுக்கே என்கிறார் தந்தை. கதையின் முடிவில், அவன் ஊரை விட்டுச் செல்லும் வேளையில், ஈயக் கம்பெனி அந்நிலத்தின்மேல் கண் வைத்திருப்பது தெரிய வருகிறது. சிரிக்க வைத்த நூல் இவ்விடத்தில் நெஞ்சைக் கனக்கச் செய்கிறது.

1981இல் வந்த ‘டவுன் பாய்’ ஈப்போ வாழ்வையும், இசையால் இணைந்த ஒரு மலாய்ச் சிறுவன், சீனச் சிறுவன் இருவரின் நட்பையும் சொல்வது. 1984இல் லாட் பத்திரிகை வேலையை விட்டுத் தனித்துத் தொழில் செய்தார். கம்பத்துப் பையன் 1990களில் 26 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சிச் சித்திரத் தொடராகி, 1999இல் பிரான்சின் அன்னெசி விழாவில் பரிசு பெற்றது. 1994இல் பேராக் சுல்தான் ‘டத்தோ’ பட்டம் அளித்தார். 2002இல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா ஆசியப் பண்பாட்டுப் பரிசும் கிடைத்தது. 2006இல் அமெரிக்கப் பதிப்பும் வெளிவந்தது.

நமக்குரிய பாடம்

1985இல் ஈய விலை வீழ்ந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை எழுந்தது. லாட் வரைந்த உலகின் பெரும்பகுதி இன்று அவர் தாளில் மட்டுமே உள்ளது.

அதே பேராக்கில் தமிழர் வாழ்ந்த தோட்டங்களும் இவ்வாறே கலைந்தன. லயத்து வீடுகள், விடியற்காலைப் பெரட்டு, பால் நிறுக்கும் கொட்டகை, கள்ளுக்கடை, தோட்டத்துக் கோயில் திருவிழா என எத்தனை காட்சிகள்! அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ போன்ற நாவல்கள் அவ்வாழ்வைச் சொல்லால் காத்தன. ஆனால் பெரட்டுக் களத்தில் நின்றவரின் தலைக்கட்டையும், பால்வாளியின் வளைவையும், கங்காணியின் நடையையும் சொல்லைவிடக் கோடு எளிதில் காட்டும். லாட் தம் கம்பத்தை வரைந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஊரின் நினைவு பசுமையாக இருந்தது. தோட்டத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று முதுமை எய்தி வருகின்றனர். அவர்களிடம் கேட்டு வரைய இளைஞர் முன்வருதல் வேண்டும். அதற்குரிய காலம் இதுவே.